குழந்தைகள் மருத்துவமனையில் டேப்லெட், ஏஐ எல்லாம் வாங்கப் போகிறார்கள்: நர்ஸ்கள் தரப்பில் என்ன கேட்க வேண்டும்?

நெல்லைச்சீமை (டர்பன்)

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருக்கிறேன். பெயர் வேண்டாம். நிர்வாகம் ஒரு குழு போட்டிருக்கிறது, நர்ஸ்கள் சார்பில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். வாங்க நினைப்பவை இவை: டாக்டர்கள் மருந்து எழுதுவது இனி முழுக்க டேப்லெட்டில். ஐசியூ மானிட்டரோடு இணைந்து, ரத்தத்தில் கிருமித்தொற்று வரப்போவதை முன்கூட்டியே சொல்லும் ஒரு சாப்ட்வேர். மார்பு எக்ஸ்ரேயைப் படித்து முடிவு சொல்லும் ஏஐ. அப்புறம் டாக்டரும் தாயும் பேசுவதைக் கேட்டுத் தானாகவே கேஸ் ஷீட் எழுதித் தருகிற ஒன்று.

கம்பெனிக்காரர்கள் வந்து பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். வேகமாகவும் அழகாகவும்தான் இருந்தது. ஆனால் அவர்கள் காட்டிய மாதிரி நோயாளி 70 கிலோ எடையுள்ள ஒரு பெரியவர். எங்கள் வார்டில் 2 கிலோவும் உண்டு, 40 கிலோவும் உண்டு, சில நேரம் அடுத்தடுத்த கட்டிலிலேயே. அதைக் கேட்டபோது "செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம்" என்றார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

நான் புதிய கருவிக்கு எதிரி இல்லை. இரவு டியூட்டியில் ஒரு நர்ஸ் எத்தனை தாள் எழுதுகிறாள் என்று எனக்குத் தெரியும். ஒரே எடையை நான்கு இடத்தில் எழுதுகிறோம், அதில் ஒன்று எப்படியும் மாறிவிடுகிறது. கட்டில் பக்கத்தில் நாற்காலியிலேயே தூங்கும் அம்மாக்கள், பெரும்பாலும் ஜூலு பேசுபவர்கள், நடு ராத்திரியில் எங்களை எழுப்பிக் குழந்தை மூச்சு விடுவது சரியில்லை என்பார்கள். பல நேரம் மானிட்டருக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பேச்சுக்கு இந்தப் புதிய ஏற்பாட்டில் இடம் எங்கே என்று யாரும் சொல்லவில்லை.

இந்தத் துறையில் இருப்பவர்கள், அனுபவப்பட்ட பெற்றோர், யாராக இருந்தாலும் சொல்லுங்கள். எதை முதலில் வாங்கலாம், எதைத் தள்ளிப் போடலாம், கம்பெனிக்காரரிடம் நேராக என்ன கேட்கலாம்?

மலைநிழல் (கேப்டவுன்)

சிஸ்டர், நான் குழந்தை மருத்துவர். ஏஐ என்ற பெயர் உள்ளவற்றைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுவார்கள். ஆனால் உங்கள் பட்டியலில் நான் முதலில் கவனிப்பது மருந்து எழுதும் டேப்லெட்டை. அதில் புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை, வெறும் படிவம்தானே என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். உயிர் போன கதை அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் 2002 அக்டோபரில் கணினி வழி மருந்து எழுதும் முறையைக் கொண்டுவந்தார்கள். வேறு ஊர்களிலிருந்து ஆம்புலன்ஸிலும் ஹெலிகாப்டரிலும் மாற்றி அனுப்பப்பட்ட குழந்தைகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோது, இறப்பு விகிதம் முன்பு 2.80 சதவீதமாக இருந்தது 6.57 சதவீதமாகிவிட்டது. 2005ல் அந்த மருத்துவமனை டாக்டர்களே 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் இதை எழுதினார்கள், மறைக்கவில்லை. அந்த நேர்மையால்தான் இன்று நாம் இதைப் பேச முடிகிறது.

காரணம் என்ன? சாப்ட்வேர் தப்பாகக் கணக்குப் போடவில்லை. முன்பெல்லாம் குழந்தை வழியில் வந்துகொண்டிருக்கும்போதே டாக்டர் மருந்தைச் சொல்லிவிடுவார், நர்ஸ் எடுத்து நிரப்பித் தயாராக வைத்திருப்பார், குழந்தை உள்ளே வந்ததும் ஏறிவிடும். புதிய முறையில் குழந்தை நேரில் வந்து, பதிவு முழுவதும் முடிந்த பிறகுதான் மருந்தே எழுத முடியும். ஐசியூவில் கைக்கெட்டும் இடத்தில் இருந்த மருந்துகளை மைய மருந்தகத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். ஒரு மருந்தை எழுத ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் பல முறை சொடுக்க வேண்டியிருந்தது, அதனால் ஒரு டாக்டர் குழந்தையை விட்டுவிட்டுக் கணினி முன்னாலேயே உட்கார வேண்டியதாயிற்று. சாகக் கிடக்கும் குழந்தைக்கு அந்த முதல் அரை மணி நேரம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதோடு நின்றால் எல்லோரும் கணினியைத் தூக்கிப் போடச் சொல்வார்கள், அதுவும் சரியில்லை. சியாட்டிலில் இதே வகை முறையை வைத்தபோது குழந்தைகள் ஐசியூவில் இறப்பு கூடவில்லை என்று 2006ல் எழுதினார்கள். அவர்கள் அடிக்கடி வரும் நோய்களுக்கான மருந்துத் தொகுப்புகளை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டின் லூசில் பேக்கர்ட் குழந்தைகள் மருத்துவமனையில் இப்படி ஒரு முறை வந்த பிறகு இறப்பு விகிதம் 20 சதவீதம் குறைந்ததாக 2010ல் வந்தது. ஆக, கருவி ஏறக்குறைய ஒன்றுதான், வார்டில் அதை எப்படி இறக்கினார்கள் என்பதில்தான் குழந்தை பிழைப்பதும் பிழைக்காததும் இருந்திருக்கிறது. இதைச் சொல்லக்கூடிய ஆள் அந்தக் குழுவில் நீங்கள் ஒருவர்தான். கம்பெனிக்காரருக்கும் நிர்வாகத்துக்கும் நடு ராத்திரியில் வார்டு எப்படி ஓடுகிறது என்று தெரியாது.

அதனால் நேராக இதைக் கேளுங்கள்: "இன்னும் வந்து சேராத, பெயர்கூடத் தெரியாத குழந்தைக்கு இந்த டேப்லெட்டில் அட்ரினலின் எழுத முடியுமா?" பதில் சொல்லச் சொல்லாதீர்கள், உங்கள் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள், கையில் கடிகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துப்பெட்டி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், நான் மருந்தகத்தில் இருப்பவன். எடை, எடை, எடை. பெரியவர்களுக்கு ஒரு மாத்திரை என்றால் எல்லோருக்கும் ஒரு மாத்திரை. குழந்தைக்கு ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட வேண்டும், கணக்கு என்று வந்தாலே புள்ளி ஒரு இடம் தள்ளிப் போகலாம், புள்ளி தள்ளினால் பத்து மடங்கு. 2001ல் 'ஜாமா' இதழில் வந்த ஆய்வில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்து உத்தரவுகளைப் பார்த்து, ஆபத்தாக முடிந்திருக்கக்கூடிய மருந்துப் பிழைகள் குழந்தைகளிடம் பெரியவர்களைவிட மூன்று மடங்கு என்று கண்டார்கள். பெரிய போதனா மருத்துவமனைகளிலேயே அப்படி.

ஒரு உதாரணம் போடுகிறேன், கணக்கைப் பாருங்கள். 1.2 கிலோ எடையில் பிறந்த குறைமாதக் குழந்தை. ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி ஊசி, கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் 6 மில்லிகிராம் தேவை. அலமாரியில் இரண்டு வகை ஆம்பூல் (ஊசி மருந்துக் குப்பி) இருக்கும், இரண்டும் 2 மில்லிதான், ஒன்றில் 20 மில்லிகிராம், இன்னொன்றில் 80. முதலாவதில் எடுத்தால் 0.6 மில்லி. இரண்டாவதில் எடுத்தால் 0.15 மில்லி. டேப்லெட் "6 மில்லிகிராம்" என்று மிகச் சரியாகக் காட்டும். அலமாரியிலிருந்து நர்ஸ் கையில் வருவது 80 ஆம்பூலாக இருந்து, பழக்கத்தில் 0.6 இழுத்துவிட்டால் நான்கு மடங்கு ஏறிவிடும், அந்தக் குழந்தையின் காதும் சிறுநீரகமும் அதைத் தாங்காது. கணினி தன் வேலையைச் சரியாகச் செய்த பிறகும் நடக்கக்கூடிய பிழை இது. ஆகவே டேப்லெட்டில் மில்லிகிராம் மட்டும் வந்தால் போதாது, எந்த ஆம்பூல், எத்தனை மில்லி என்பதும் வர வேண்டும். ஆம்பூலின் பார்கோடை ஸ்கேன் செய்யாமல் அடுத்த திரைக்குப் போகக் கூடாது. இதற்குச் செலவு அதிகம் என்பார்கள், விடாதீர்கள்.

அப்புறம், எடையை யார் பதிவு செய்கிறார்கள், எப்போது, எந்தத் தராசில்? பழைய எடையை வைத்துக்கொண்டு எவ்வளவு நாள் மருந்து எழுத விடும் அந்த சாப்ட்வேர்? பிறந்த குழந்தைக்கும் பத்து வயதுக்கும் ஒரே காலக்கெடு வைத்திருந்தால் அது குழந்தைகளுக்காகச் செய்தது இல்லை. 3.2 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 32 என்று அடித்தால் தடுக்கிறதா என்று அங்கேயே அடித்துப் பாருங்கள். வயதோடு ஒப்பிட்டு "இந்த எடை பொருந்தவில்லை" என்று சொல்ல வேண்டும். இதற்கு ஏஐ எதுவும் தேவையில்லை, வளர்ச்சி அட்டவணை போதும்.

எச்சரிக்கை எத்தனை வருகிறது என்றும் பாருங்கள். எதற்கெடுத்தாலும் சிவப்புப் பெட்டி வந்தால் ஒரு வாரத்தில் எல்லோரும் படிக்காமலேயே "சரி" என்பதை அழுத்திவிட்டுப் போவார்கள். உண்மையான ஆபத்தும் அந்தக் கூட்டத்தில் போய்விடும்.

இரவுப்பணி (ஜோகன்னஸ்பர்க்)

மேலே எழுதியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நம்மில் பலர் தாளை ரொம்பப் பாதுகாப்பானது என்று நினைத்துக்கொள்கிறோம். நான் பச்சிளங்குழந்தைகள் ஐசியூவில் நர்ஸ். ஷிஃப்ட் மாறும்போது காணாமல் போகும் தாள், படிக்க முடியாத கையெழுத்து, எக்ஸ்ரேக்குப் போன ஃபைல் திரும்பி வராதது, இதெல்லாம் யார் கணக்கிலும் வராமலே போகிறது. டர்பனிலேயே கேட்டோ மேனரில் இருக்கும் இன்கோசி ஆல்பர்ட் லுதூலி மத்திய மருத்துவமனை 2002ல் திறந்த நாளிலிருந்தே தாளில்லாத மருத்துவமனையாகத்தான் திட்டமிடப்பட்டது. நம் நாட்டில் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

கிருமித்தொற்றை முன்கூட்டிச் சொல்வதைப் பற்றியும் ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. 1500 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளின் இதயத்துடிப்பில் ஏற்ற இறக்கம் குறைவதையும், திடீரென்று துடிப்பு தாழ்வதையும் கணக்கிட்டு, அடுத்த 24 மணி நேரத்தில் தொற்று வரும் வாய்ப்பை ஒரு எண்ணாகக் காட்டும் ஹீரோ என்ற மானிட்டர். அமெரிக்காவில் 3003 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள், ஒரு பாதிக்கு அந்த எண்ணை டாக்டர்கள், நர்ஸ்கள் கண்ணில் படும்படி காட்டினார்கள், மறு பாதிக்கு மறைத்து வைத்தார்கள். எண் தெரிந்த பக்கம் இறப்பு 8.1 சதவீதம், மறைத்த பக்கம் 10.2. 2011ல் வந்தது. கவனியுங்கள், என்ன செய்ய வேண்டும், எப்போது ஊசி போட வேண்டும் என்று அந்த மானிட்டர் கட்டளையிடவில்லை. எண்ணைக் காட்டியது, மனிதர்கள் போய்க் குழந்தையைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அதற்காகத் தொற்று எச்சரிக்கை என்று பெயர் வைத்த எல்லாவற்றையும் நம்பிவிடாதீர்கள். அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் ஓடிய ஒரு செப்சிஸ் (ரத்தத்தில் பரவும் கிருமித்தொற்று) எச்சரிக்கை முறையை மிச்சிகனில் பரிசோதித்து 2021ல் எழுதினார்கள்: செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை அது கண்டுபிடிக்கவே இல்லை, ஆனால் சேர்க்கப்பட்ட நோயாளிகளில் 18 சதவீதம் பேருக்கு எச்சரிக்கை அடித்தது. அதுவும் பெரியவர்களிடம். ஆகவே ஹீரோவுக்கு இருப்பது மாதிரி குழந்தைகளைப் பிரித்துப் பார்த்த ஆய்வு அவர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் வாங்குங்கள், தயங்க வேண்டாம். நல்ல கருவியைத் தள்ளிப் போட்டாலும் குழந்தைதான் கஷ்டப்படும்.

கம்பிவடம் (ஜோகன்னஸ்பர்க்)

நான் மருத்துவமனைக் கணினிப் பக்கம் வேலை செய்பவன். மருத்துவம் எனக்குத் தெரியாது, கருவி எப்போது நிற்கும் என்று தெரியும்.

2023ல் லோட்ஷெட்டிங் (முறை வைத்து மின்வெட்டு) எப்படி இருந்தது என்று யாருக்கும் மறந்திருக்காது. இப்போது நிலைமை மேல், ஆனாலும் கேபிள் திருட்டு, நகராட்சி டிரான்ஸ்ஃபார்மர் எரிவது எல்லாம் இருக்கத்தான் செய்கிறது, உங்கள் பக்கத்தில் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் என்ன நடந்தது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். ஜெனரேட்டர் வெண்டிலேட்டரைத் தாங்கும். ஆனால் வார்டின் வைஃபை பெட்டி அந்த ஜெனரேட்டர் லைனில் இருக்கிறதா? பல கட்டடங்களில் இருக்காது. டேப்லெட்டில் சார்ஜ் இருக்கும், உள்ளே எதுவும் திறக்காது. போய்ச் சுவரில் எந்தப் பிளக்கில் செருகியிருக்கிறது என்று கண்ணால் பாருங்கள், வரைபடத்தை நம்பாதீர்கள்.

2024 ஜூன் 22ஆம் தேதி தேசிய சுகாதார ஆய்வகச் சேவையின் கணினிகளை ஹேக்கர்கள் முடக்கிப் பணம் கேட்டார்களே, நினைவிருக்கிறதா? நாடு முழுவதும் 250க்கும் மேற்பட்ட அரசு ஆய்வகங்கள். ரத்தத்தை எடுத்து அனுப்பலாம், ஆய்வகமும் பரிசோதனை செய்யும், முடிவு மட்டும் வார்டுக்குத் தானாக வராது. அவசரமானதைப் போனில் சொன்னார்கள். காப்புப் பிரதிகளையும் சேர்த்து அழித்திருந்தார்கள். ஆகவே "கிளவுடில் இருக்கிறது, கவலை வேண்டாம்" என்று சொல்பவரிடம், மூன்று வாரம் எதுவும் இல்லாவிட்டால் வார்டு எப்படி ஓடும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தாள் படிவம் அச்சடித்து அலமாரியில் இருக்க வேண்டும், புதிதாகச் சேர்ந்த நர்ஸுக்கும் அதை நிரப்பத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, எல்லாம் நன்றாக ஓடும் நாளிலேயே அவ்வப்போது இரண்டு மணி நேரம் வேண்டுமென்றே நிறுத்திப் பார்ப்பது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் போப்பியா சட்டம் 2013ல் நிறைவேறியது, 2021 ஜூலை 1 முதல் மீறினால் நடவடிக்கை என்ற நிலைக்கு வந்தது. அதில் உடல்நலத் தகவலுக்குத் தனிப் பாதுகாப்பு, குழந்தையின் தகவலுக்கு இன்னொரு பாதுகாப்பு. உங்கள் இடத்தில் இரண்டும் ஒன்றாக வருகிறது. போதுமான பாதுகாப்புச் சட்டம் இல்லாத வெளிநாட்டுக்கு இந்த மாதிரித் தகவலை அனுப்ப வேண்டுமென்றால் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டும். அதனால் சர்வர் எந்த நாட்டில் என்பது முதல் கேள்வி. இரண்டாவது, நம் குழந்தைகளின் எக்ஸ்ரேயையும் குரலையும் வைத்து அவர்கள் தங்கள் சாப்ட்வேரைப் பழக்குவார்களா, ஒப்பந்தம் முடிந்த பிறகு அது யாரிடம் இருக்கும் என்பது. இந்த இரண்டையும் விற்பனை ஆளிடம் கேட்காதீர்கள், ஒப்பந்தத் தாளில் தேடுங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். ஒரு இயந்திரம் மட்டுமே தனியாக ஒரு மனிதரைப் பாதிக்கும் முடிவை எடுப்பதற்கும் அந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவில் கட்டுப்பாடு இருக்கிறது, யாரையாவது எந்தக் கட்டிலுக்கு அனுப்புவது என்று சாப்ட்வேர் முடிவு செய்யும் திட்டம் வந்தால் அதைக் காட்டுங்கள்.

நெல்லைச்சீமை (டர்பன்)

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வைஃபை பெட்டி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நாளை டியூட்டிக்குப் போனதும் பார்க்கிறேன்.

எக்ஸ்ரே ஏஐ பற்றி யாரும் சொல்லவில்லையே. கம்பெனிக்காரர் அதைத்தான் அதிகம் பேசினார். இங்கே காசநோய் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும், ரேடியாலஜிஸ்ட் பகலில்தான் இருப்பார், உலக சுகாதார நிறுவனமே ஒப்புக்கொண்டது என்று ஒரு தாளையும் காட்டினார். அது உண்மையா?

மலைநிழல் (கேப்டவுன்)

பாதி உண்மை, சிஸ்டர். குழந்தைகளிடம் அந்தப் பாதி உதவாது.

உலக சுகாதார நிறுவனம் 2021ல் காசநோய்க்கு மார்பு எக்ஸ்ரேயைக் கணினி படிக்கலாம் என்று பரிந்துரைத்தது நிஜம். ஆனால் அந்தப் பரிந்துரை 15 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும்தான். உங்கள் வார்டில் படுத்திருக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது பொருந்தவே பொருந்தாது. அவர் காட்டிய தாளை வாங்கி வயது எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இது வெறும் சட்டப் புள்ளி இல்லை, காரணம் இருக்கிறது. பெரியவர்களுக்கு நுரையீரலின் மேல் பகுதியில் குழி விழும், படத்தில் கண்ணுக்குத் தெரியும், சளியில் கிருமி கிடைக்கும். சின்னக் குழந்தைக்கு மார்புக்குள் நிணநீர்க் கட்டி வீங்கியிருக்கும், குழந்தைகளின் மார்பில் இயல்பாகவே இருக்கும் தைமஸ் சுரப்பியின் நிழல் அதற்கு மேலேயே விழும், அழுதுகொண்டே எடுத்த படம் சாய்ந்திருக்கும். சளியைத் துப்பத் தெரியாது, காலையில் வெறும் வயிற்றில் குழாய் விட்டு இரைப்பை நீரை எடுக்கிறோம், அதிலும் பாதி நேரம் கிருமி கிடைக்காது. அதனால் "இது காசநோய்தான்" என்று உறுதியான பெயர் ஒட்டிய குழந்தைப் படங்களே உலகத்தில் குறைவு. படமே குறைவாக இருக்கும்போது இயந்திரம் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்? பெரியவர்களின் படத்தைப் பார்த்துக் கற்றதைக் குழந்தை மேல் போட்டால் வீங்கிய கட்டியை விட்டுவிடும், தைமஸைப் பார்த்து நோய் என்று சொல்லும். "நோய் இல்லை" என்று பச்சை விளக்கு எரிந்த பிறகு நடு ராத்திரியில் ஒரு இளம் டாக்டர் அதை மீறி மருந்து தொடங்குவாரா என்று யோசித்துப் பாருங்கள். என் பயம் அதுதான்.

குழந்தைகளுக்காகவே செய்தவையும் உண்டு, எல்லாவற்றையும் குறை சொல்லவில்லை. கை எக்ஸ்ரேயைப் பார்த்து எலும்பு வயதை, அதாவது எலும்பு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதைச் சொல்லும் போன்எக்ஸ்பர்ட் என்ற சாப்ட்வேர் டென்மார்க்கில் செய்தது, 2009 முதல் இருக்கிறது, குழந்தைகளின் கைகளை வைத்தே உருவாக்கியது. அவசரம் இல்லாத வேலை, தவறினால் மறுபடி பார்க்க நேரம் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் தொடங்கினால் எல்லோருக்கும் பழக்கமும் வரும்.

வருபவர்களில் யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்க நம் கேப்டவுனில் தொடங்கிய தென்னாப்பிரிக்க ட்ரையேஜ் முறையைப் பாருங்கள். வெறும் தாள்தான். அதிலேயே 95 சென்டிமீட்டருக்குக் கீழே ஒரு அட்டவணை, 95 முதல் 150 வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் கைக்குழந்தைக்குச் சாதாரணமான இதயத்துடிப்பு பெரியவருக்கு ஆபத்தின் அடையாளம். தாளுக்குத் தெரிந்தது சாப்ட்வேருக்கும் தெரிய வேண்டும்.

இன்னொன்று, விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மீட்டர். கறுப்பு நிறத் தோலில் அது உண்மையைவிட அதிகமாகக் காட்டுகிறது என்பதை 2020 டிசம்பரில் மிச்சிகன் டாக்டர்கள் பெரியவர்களிடம் காட்டினார்கள்: மீட்டர் நல்ல எண்ணைக் காட்டும்போதே ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஆபத்தாகக் குறைந்திருந்தது, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். உங்கள் ஐசியூ சாப்ட்வேர் அந்த எண்ணைத்தான் எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். உங்கள் வார்டுக் குழந்தைகளின் நிறம் என்ன? அந்த சாப்ட்வேரை எந்த நாட்டுக் குழந்தைகளிடம் பரிசோதித்தார்கள்? இதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஸ்ரீரங்கத்தாள் (சாட்ஸ்வர்த்)

நான் டாக்டரும் இல்லை நர்ஸும் இல்லை, ஒரு அம்மா. கல்யாணமாகி இங்கே வந்தவள். என் மகனுக்கு இதயத்தில் ஓட்டை, குழந்தை வார்டில் நிறைய இருந்திருக்கிறேன். பேச்சைக் கேட்டுத் தானாக எழுதும் அந்தக் கருவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒரு தாய் டாக்டரிடம் பேசும்போது நோயை மட்டும் பேசுவதில்லை. வீட்டில் சாப்பாடு இல்லை என்பாள், புருஷன் அடிக்கிறான் என்பாள், எச்ஐவி மருந்து சாப்பிடுகிறேன், மாமியாருக்குத் தெரியாது என்று குரலைத் தாழ்த்திச் சொல்வாள். பக்கத்துக் கட்டில் அம்மா ஒருத்தி அப்படி அழுததை நான் கேட்டிருக்கிறேன், சிஸ்டர் திரையை இழுத்து விட்டு, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்தில் ஒரு கருவி கேட்டுக்கொண்டிருந்தால் அவள் வாயைத் திறந்திருப்பாளா? திறக்காவிட்டால் அந்தக் குழந்தைக்குத் தேவையான மருந்து கிடைத்திருக்குமா? பதிவு செய்கிறோம் என்று அவள் மொழியில் சொல்லிக் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் அணைக்க வேண்டும், நடுவில் எப்போது வேண்டுமானாலும் அணைக்க அவளுக்கே ஒரு பொத்தான் வேண்டும். பெரிய பிள்ளைகளிடமும் கேட்க வேண்டும். இந்த நாட்டில் 12 வயதுக்கு மேல், புரிந்துகொள்ளும் பக்குவம் இருந்தால் பிள்ளையே சிகிச்சைக்கு ஒப்புதல் தரலாம் என்று சட்டம் இருக்கும்போது, குரலைப் பதிவு செய்ய மட்டும் கேட்காமல் விடலாமா?

மொழிக்கு வருகிறேன். எங்கள் பேச்சு ஒரே மொழியில் இருக்காது. மாமியார் இங்கிலீஷில் பேசுவார், நான் தமிழைக் கலந்து உளறுவேன், நர்ஸ் ஜூலுவில் பக்கத்து அம்மாவுக்குப் பதில் சொல்வாள், பின்னால் குழந்தை அழும். என் தம்பி இந்தத் துறையில் இருக்கிறான், அவன் சொன்னது: பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற ஏஐயை 2024ல் ஆராய்ந்தபோது, ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பதிவில் யாரும் சொல்லாத வாக்கியத்தையே அது எழுதியிருந்ததாம், பேச்சுக்கு நடுவில் மௌனம் வரும்போது இன்னும் அதிகமாம். அம்மாக்கள் பேச்சில் மௌனம்தானே அதிகம். யாரும் சொல்லாத ஒன்று என் மகன் கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டால், அதைப் படித்துவிட்டு அடுத்த டாக்டர் மருந்தை மாற்றினால்?

ஃபோன் வேண்டாம் என்று சொல்லும் ஆள் நான் இல்லை. கர்ப்பமாக இருந்தபோது அரசாங்கத்தின் மாம்கனெக்ட் குறுஞ்செய்தி எனக்கு வந்தது, 2014 முதல் நடக்கிற திட்டம், சொந்தபந்தம் பக்கத்தில் இல்லாத எனக்கு அது பெரிய துணை. எது எப்போது, ஏன் என்று தெளிவாகச் சொன்னார்கள், வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ளலாம். அந்த மாதிரி இருந்தால் எந்த அம்மாவும் ஒத்துழைப்பாள்.

சிஸ்டர், அந்தக் குழுவில் ஒரு அம்மாவையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஜூலு பேசுகிற அம்மாவாக இருக்கட்டும்.

நெல்லைச்சீமை (டர்பன்)

ஸ்ரீரங்கத்தாள், உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதவில்லை. அம்மாவைச் சேர்க்கச் சொல்லி இன்றைக்கே மேட்ரனிடம் பேசிவிட்டேன், எங்கள் வார்டுக்கு அடிக்கடி வந்து போகும் ஒருவரைக் கேட்டுப் பார்க்கிறோம்.

கூட்டத்தில் நான் சொல்லப் போவது இது. மருந்து எழுதும் டேப்லெட் வேண்டும், ஆனால் ஒரே வார்டில், மருந்தகத்தோடு சேர்ந்து, ஆம்பூலும் மில்லியும் திரையில் வந்த பிறகு. எங்கள் அவசர அலமாரி இருக்கும் இடத்திலேயே இருக்கும், அதை எடுக்க விடமாட்டேன். தொற்று எச்சரிக்கைக்குக் குழந்தைகளிடம் செய்த ஆய்வைக் காட்டச் சொல்வேன். அதோடு, அம்மா சொல்லும் "மூச்சு சரியில்லை" என்பதையும் மானிட்டர் எண்களோடு பதிவு செய்ய ஒரு கட்டம் வேண்டும். காசநோய் எக்ஸ்ரே ஏஐ எங்கள் குழந்தைகளின் வயதுக்கு வேண்டாம். பேச்சை எழுதுவது இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

வைஃபை பெட்டியைப் பார்த்தேன். கம்பிவடம் சொன்னபடியே அது சாதாரணப் பிளக்கில்தான் இருக்கிறது. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

மருந்துப்பெட்டி அண்ணா, கணினி நின்றால் நிரப்ப வேண்டிய தாள் படிவம் உங்களிடம் மாதிரி இருந்தால் அனுப்ப முடியுமா? எங்களிடம் இருப்பது பெரியவர் வார்டிலிருந்து எடுத்தது, அதில் எடைக்கே இடம் இல்லை.

மருந்துப்பெட்டி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன் சிஸ்டர். ஒரு பக்கம்தான். எடையும் எடுத்த தேதியும் மேலே பெரிய கட்டத்தில் இருக்கும், அது நிரம்பாத தாளுக்கு எங்கள் மருந்தகம் மருந்து கொடுக்காது. கீழே மூன்று பத்தி: கிலோவுக்கு எவ்வளவு, மொத்த மில்லிகிராம், எந்த ஆம்பூலில் எத்தனை மில்லி. இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போட இடம் விட்டிருக்கிறேன். உங்கள் அலமாரியில் இருக்கும் ஆம்பூல் அளவுகள் எங்களுடையதிலிருந்து மாறலாம், அச்சடிப்பதற்கு முன் உங்கள் மருந்தாளரை ஒரு தடவை ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள். டேப்லெட் திரையையும் இதே வரிசையில் அமைக்கச் சொன்னால், கரண்ட் போன இரவில் உங்கள் நர்ஸ்களுக்குத் தாளைப் பார்த்துத் தடுமாற்றம் வராது.